எல்லாம் அவரே செய்வார்

மெல்பேர்னிலிருந்து வடமேற்காகக் காரில் அரை நாள் ஓடினால் வரும் ஒரு நாட்டுப்புற ஷயர் சபையில் வேலை செய்கிறேன். கோதுமைக் காணிகள், செம்மறிகள், ஒன்றுக்கொன்று தூரமாய்க் கிடக்கும் சின்ன ஊர்கள். அங்கே வீடுகளில் இருக்கும் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் உதவி அனுப்புவது என் பொறுப்பு. யாரைக் குளிக்க வார்க்க ஆள் வேண்டும், யாருடைய சாப்பாடு எந்த வான் வண்டியில் போகிறது, யாரை டொக்டரிடம் கொண்டுபோக வேண்டும், வேலைக்கு வராதவளுக்குப் பதில் யாரைப் பிடிப்பது. பிடிக்க ஆளில்லாத நாட்களில் நானே போவேன். அப்படியான நாட்கள்தான் அதிகம்.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பிறகு சண்டை, முகாம், மலேசியா, படகு, தடுப்புக் காவல். வெளியே விட்டதும் முந்திரிகைக் குலை பிடுங்கினேன், தோடம்பழம் பிடுங்கினேன், கோழி வெட்டினேன், லொறி ஓடினேன். ஒரே இடத்தில் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கோழி வெட்டிய கை நோவெடுத்ததால்தான் முதியோர் பராமரிப்பைப் படித்தேன். இந்த மேற்பார்வை வேலைக்கு நகரத்திலிருந்து வந்த ஒருத்தி குளிர்காலம் முடியுமுன் போய்விட்டாள். என்னைக் கேட்டார்கள். சரி என்றேன்.

எங்கள் ஊரில் சில தமிழ்க் குடும்பங்கள் உண்டு. எல்லாம் இறைச்சித் தொழிற்சாலையை நம்பி வந்தவை. அதில் ஒரு அங்கிளும் அன்ரியும். அங்கிள் மச்ச மாமிசம் சாப்பிடாத மனிதர். ஆனால் பல வருசம் ஆட்டுடல் வெட்டும் வரிசையில் நின்று, அந்தக் காசில் மலிவாக ஒரு பலகை வீடு வாங்கி, மகனையும் படிப்பித்தார். மகன் மெல்பேர்னில், கிளேட்டனில் இருக்கிறான். அங்கிள் ஓய்வு பெற்றுக் கொஞ்ச நாளில் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது.

அன்ரி சின்ன உருவம். கட்டிலிலிருந்து கதிரைக்கும், கதிரையிலிருந்து கழிப்பறைக்கும் அவரைத் தன் தோளில் சாய்த்துத்தான் கொண்டுபோவார். குளியலறைக்குள் இருவரும் போய்க் கதவைச் சாத்தினால் வெளியே வர நெடுநேரமாகும். அவர்களுக்குக் கிடைத்திருந்தது கிழமைக்கு ஒரு தரம் வீடு கூட்டித் துடைக்க ஒரு ஆள் மட்டும். அதற்கு மேல் உதவி வேண்டுமானால் பெரிய நகரத்திலிருந்து ஒருத்தி வந்து பார்த்து, எவ்வளவு உதவி தேவை என்று அசெஸ்மென்ட் செய்ய வேண்டும். அவள் சம்மதித்தால் காலையும் மாலையும் தூக்கிக் குளிப்பாட்ட நான் ஆண் ஒருவனை அனுப்பலாம். அங்கிள் வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் ஒருநாள் அன்ரியின் முதுகு போகும், அங்கிள் நேர்சிங் ஹோமுக்குப் போவார். எங்கள் ஊர் ஹோமில் எப்போதும் இடமிருப்பதில்லை.

அசெஸ்மென்ட்டுக்கு முதல் நாள் போய்ச் சொன்னேன். "அன்ரி, நாளைக்கு ஒண்டும் அடுக்காதேங்கோ. எல்லாம் கிடக்கிற மாதிரியே கிடக்கட்டும். ஏலாததை ஏலாது எண்டு சொல்லுங்கோ."

"வெள்ளைக்காரி வரேக்கை வீட்டை நாறவிடச் சொல்லுறியளோ தம்பி?"

"ஓம், நாறட்டும்."

"நல்ல மேற்பார்வை!" என்று அங்கிள் கட்டிலில் கிடந்தபடி சிரித்தார். பேச்சு கொஞ்சம் குழறும், பகிடி குறையாது.

மறுநாள் நான் போனபோது வீடு கழுவி விட்டிருந்தது. கட்டில் விரிப்புக்குக் கீழே போடும் பிளாஸ்ரிக் சீலையைக் காணவில்லை. கழிப்பறைக் கதிரை பின்னால் கராஜுக்குள் போயிருந்தது. அங்கிள் மழித்த முகமும் திருநீறும் மினுக்கிய வெள்ளைச் சட்டையுமாக முன்னறையில் இருந்தார். குசினியில் வடை பொரிந்துகொண்டிருந்தது.

"என்ன அன்ரி இது?"

"வாற சனத்துக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்கக் கூடாதோ?" என்றார். விடியமுன் எழும்பியிருக்கிறார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டுதான் நின்றார்.

வந்தவள் நல்ல பெண். சப்பாத்தை வாசலில் கழற்றினாள். அவள் உள்ளே வந்ததும் அங்கிள் இடது கையால் மேசையைப் பிடித்து எழுந்து நின்றார். நான் அவரைப் பார்த்த மாதங்களில் அவர் தானாக எழும்பியது அந்த ஒரு தரம்தான். நெற்றி நரம்பு புடைத்தது. அவள் கதிரையில் அமரும்வரை நின்றுவிட்டுத்தான் தானும் அமர்ந்தார்.

நான் மொழிபெயர்க்கக் கூடாது என்பது சட்டம். மெல்பேர்னிலிருந்து போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, போனை மேசை நடுவில் வைத்தார்கள்.

"வணக்கம் ஐயா, கேக்குதோ?" என்றது ஒரு பெண் குரல்.

அங்கிளின் முகம் மலர்ந்தது. "நல்லாக் கேக்குது பிள்ளை. நீங்கள் ஊரிலை எவடம்?"

மொழிபெயர்ப்பாளர் தன் கதை பேசக்கூடாது. இருந்தும் அவள், "வடமராட்சி ஐயா," என்றாள்.

"வடமராட்சியிலை எவடம்?" அன்ரி குசினியிலிருந்து ஓடிவந்துவிட்டார். "கடற்கரைப் பக்கமோ? அப்ப எங்கட பெரியக்கா கலியாணம் கட்டினது உங்கட பக்கம்தானே!"

என்ன பேசுகிறார்கள் என்று வந்தவள் என்னைப் பார்த்தாள். நலம் விசாரிக்கிறார்கள் என்றேன். ஆனால் இனி அது வெறும் போன் இல்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் பக்கத்துப் பெண் ஒருத்தி மேசையில் வந்து இருக்கிறாள். இந்த வீட்டுக் கதை அவளோடு சேர்ந்து வடமராட்சி வரை போகும் என்று இருவரும் நினைத்துவிட்டார்கள்.

கேள்விகள் தொடங்கின. யார் உடுப்பு மாற்றுவது? யார் குளிக்க வார்ப்பது? கழிப்பறைக்குத் தனியாகப் போவாரா?

அன்ரி போனைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார். "எல்லாம் அவரே செய்வார் பிள்ளை. நான் துவாய் மட்டும் எடுத்துக் குடுப்பன்."

"எனக்கொரு குறையுமில்லை," என்றார் அங்கிள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவர்கள் சொல்வது சரியில்லை, நான் பார்த்திருக்கிறேன், அவரால் தனியாகக் குளிக்க முடியாது, இரவில் படுக்கை நனைகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஆட்டுத் தொழிற்சாலை ஆங்கிலம் அங்கிளுக்குப் போதுமாக இருந்தது. அவர் சொல்லை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"தம்பி. நீர் என்ர வீட்டிலை இருந்து, என்ர தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு முன்னாலை என்ர மானத்தை வாங்குறீர்."

போனில் இருந்தவள் அதை மொழிபெயர்க்கவில்லை. வந்தவள் என்னிடம் மெதுவாக, அவர்கள் வாயால் சொல்வதைத்தான் தன்னால் எழுத முடியும் என்றாள். வடை நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

முடிவு வந்தது: வீடு கூட்ட ஒரு ஆள், முன்பு போலவே. மறுபடி பார்க்கக் கேட்டேன். வரிசையில் இருக்கிறீர்கள் என்றார்கள். எனக்கு ஆட்கள் குறைவு. இருந்தும் களவாக, வேலை முடிந்து போகும் வழியில், சில நாட்கள் நானே தூக்கிவிடப் போனேன். அங்கிள் கதவைத் திறக்க விடவில்லை. "அவர் நித்திரை தம்பி," என்று அன்ரி யன்னலால் சொல்வார். உள்ளே அங்கிள் இருமுவது கேட்கும்.

குளிர்காலத்தில் ஒருநாள் குளியலறையில் இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். அன்ரியின் இடுப்பெலும்பு முறிந்தது. அவர் மேல் அங்கிள். எழும்ப முடியாமல் ஈரத்தில் கிடந்தவர்களை, வீடு கூட்ட நான் அனுப்பிய பிள்ளைதான் கண்டு எனக்குப் போன் அடித்தாள். நான் போனபோது அங்கிள் தன் நல்ல கையால் அன்ரியின் தலையைத் தரையில் படாமல் தாங்கிக்கொண்டிருந்தார். இந்த முறை என்னைத் தூக்க விட்டார்.

அன்ரியைப் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தனியாக விட முடியாத அங்கிளுக்கு, எங்கள் ஷயரில் கட்டில் இல்லாமல், எதிர்த்திசையில் வெகு தூரத்து ஊர் ஒன்றின் நேர்சிங் ஹோமில்தான் இடம் கிடைத்தது. மகன் ஒரு ஞாயிறு அம்மாவிடமும் ஒரு ஞாயிறு அப்பாவிடமும் ஓடினான்.

ஆஸ்பத்திரியில் வைத்து மறுபடி கேட்டார்கள். இந்த முறையும் போன், இன்னொரு தமிழ்க் குரல். அன்ரி ஊர் கேட்கவில்லை. குளிக்க வார்த்தது, துடைத்தது, இரவில் நனைந்த படுக்கைச் சீலை மாற்றியது, எல்லாவற்றையும் கூரையைப் பார்த்தபடி சொன்னார். கேட்டவள் எழுதிக்கொண்டாள். ஆனால் அதற்குள் அங்கிளுக்கு அந்த ஹோமில் நிரந்தர இடம் எழுதியாகிவிட்டது. இடுப்பு முறிந்தவரிடம் அவரைத் திருப்பி அனுப்ப ஒருவரும் கையெழுத்து வைக்க மாட்டார்கள். என்னாலும் முடியாது.

அன்ரி இப்போது தடியோடு நடக்கிறார். வியாழக்கிழமை எனக்கு லீவு. அன்று அவரை அங்கிளிடம் காரில் கொண்டுபோகிறேன். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவருமில்லை. கிழமை முழுக்க வாய் திறக்காத அங்கிள், அன்ரியைக் கண்டதும் தொடங்கினால் நிறுத்தமாட்டார். பக்கத்துக் கட்டில்காரர், தாதிகள், உப்பில்லாத சூப். தொண்டை கட்டும் வரை கதைப்பார். அன்ரி கேட்டுக்கொண்டிருப்பார்.

போன கிழமை திரும்பி வரும்போது அன்ரி கேட்டார். "தம்பி, என்னையும் அதுக்குள்ளை போட ஏலாதோ? அவருக்குப் பக்கத்திலை ஒரு மூலை போதும்."

"நீங்கள் சமைக்கிறியள், குளிக்கிறியள், நடக்கிறியள் அன்ரி. உங்களை எடுக்கமாட்டினம்."

"ஓம் என்ன," என்றார். "நானே எல்லாம் செய்யிறன்தானே."

வீட்டு வாசலில் இறங்கி, கார்க் கதவைச் சாத்துமுன், வருகிற வியாழன் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று கேட்டார்.