ஒரே பைட்டுக்கு மூன்று முகவரி

கம்ப்யூட்டருக்கும் அதில் செருகும் கார்டுக்கும் நடுவே நின்று இரண்டையும் பேசவைக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர்; அதை எழுதுகிறவருக்கு இரண்டு பக்கமும் வசவு. உங்களில் என்னைப்போல் யாராவது இருந்தால் தலையை ஆட்டிக்கொண்டே படிப்பீர்கள். மற்றவர்கள் கவலைப்பட வேண்டாம், எனக்கும் பாதிதான் புரியும்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியிலிருந்து படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் கார்டு செய்கிறோம். கார்டை வடிவமைத்தவர் ரஹீம் பாய். டிரைவர் எழுதுவது நான்.

எந்த முகவரி?

சேர்ந்த முதல் மாதம். படத்தை வைக்க ஓர் இடம் வேண்டும் என்று கர்னலிடம் கேட்டேன். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடுநாயகமான அது இடம் கொடுத்து, முகவரியும் கொடுத்தது. அந்த முகவரியை அப்படியே கார்டிடம் சொன்னேன். திரையில் ஒன்றும் வரவில்லை. “கார்டு தனக்கு அனுமதி இல்லாத இடத்தில் எழுதப் பார்த்தது, தடுத்துவிட்டேன்” என்ற பொருளில் ஒரு செய்திதான் வந்தது. கர்னல் கொடுத்த இடத்துக்கே அனுமதி இல்லையா? இரண்டு நாள் மண்டை காய்ந்தது.

ரஹீம் பாய் பேப்பரில் படம் போட்டார். படத்தின் ஒரே ஒரு பைட்டுக்கு, அதாவது ஒரு துளித் தகவலுக்கு, நிரல் பார்க்கும் முகவரி ஒன்று. மெமரி சில்லில் அந்த இடத்தின் உண்மையான முகவரி இன்னொன்று. கார்டு பார்க்கும் முகவரி மூன்றாவது. கார்டுக்கும் மெமரிக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு வன்பொருள் உண்டு. கர்னல் அதில் பதிந்து வைத்த முகவரிகளை மட்டும் அது மாற்றிக் கொடுக்கும், மற்றதைத் திருப்பி அனுப்பிவிடும். “அப்ப நிஜமா அந்த பைட் எங்கதான் பாய் இருக்கு?” என்றேன். அவர் பேனாவை மூடினார். “எனக்கே அது கொழப்பம்தான் கல்பனா. கார்டுக்கு என்னா அட்ரஸ்னு கர்னல்கிட்ட கேட்டு வாங்கு, நீயா ஒண்ண எழுதாத.”

ஒரு சொல்லில் அமைதி

கேட்டு வாங்கினேன். படம் வந்தது. ஆனால் ஸ்கேனை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அதே தடுப்புச் செய்தி நாலைந்து வரி வந்து விழுந்தது. எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. மறுநாள் எங்கள் முதல் கார்டை வாங்கவிருந்த டாக்டருக்குச் செய்து காட்ட வேண்டும். இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான், கம்ப்யூட்டர் தொடங்கும்போது இந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் மொழிபெயர்ப்பே அணைந்துவிடும் என்று எழுதியிருந்தார். சேர்த்தேன். ஒரு வரி இல்லை. அவ்வளவு சுத்தம்.

பெருமையாக ரஹீம் பாயிடம் காட்டினேன். பாராட்டுகிறாரா திட்டுகிறாரா என்று தெரியாத முகத்தோடு சொன்னார்: “மெசேஜ் வரலன்னா தப்பு நடக்கலன்னு இல்லம்மா, யாரும் பாக்கலன்னும் இருக்கலாம்.”

பூச்சி பூச்சியாய் ஒரு பெயர்

முதல் கார்டு மயிலாப்பூரில் டாக்டர் வசந்தாவின் ஸ்கேன் சென்டருக்குப் போனது. பழைய கம்ப்யூட்டர், இரண்டே ஜிபி மெமரி. எங்கள் அலுவலகத்துச் சோதனை மெஷினும் அப்படித்தான். ஒரு வாரத்தில் அங்கே டெக்னீஷியனாக இருக்கும் தனசேகர் போன் செய்தார். “மேடம், படம்லாம் சோக்காத்தான் கீது. ரிப்போர்ட்ல பேஷன்ட் பேருதான் பூச்சி பூச்சியா வருது.”

போனேன். பிரிண்டர் வயரை மாற்றினேன். தமிழ் எழுத்துருவைத் திரும்ப நிறுவினேன். மறுநாளும் பூச்சி. திரும்பப் போய் என் நிரலில் சம்பந்தமே இல்லாத இரண்டு வரிகளை இடம் மாற்றினேன், சரியாகிவிட்டது. ஏன் சரியானது என்று தெரியாமல் சரியாவதைப் போலப் பயங்கரம் எங்கள் தொழிலில் கிடையாது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று டாக்டரிடம் போய், “என்ன காரணம்னு இன்னும் புரியல டாக்டர்” என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே கேட்டார்: “பேரைக் கையால எழுதிக்கறேன். படம் சரியா இருக்கோல்லியோ?”

நகராத படம்

சில மாதங்களில் டாக்டர் புதிய கம்ப்யூட்டர் வாங்கினார், பதினாறு ஜிபி. நான்தான் போய் கார்டைச் செருகினேன். டிரைவரை ஏற்றும்போது அந்த ஒரு சொல்லையும் மறக்காமல் சேர்த்தேன். முதல் நோயாளிக்குப் படம் அருமையாக ஓடியது. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவதாக வந்தவர் செல்வி. ஆறாவது மாதம். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்து மருமகள். அவர் படுத்துக் கொஞ்ச நேரம் ஆகியும் உள்ளே பேச்சே இல்லை. டாக்டர் வழக்கமாக, “இதோ கை, இதோ கால்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். “டாக்டரம்மா, என்ன பேச மாட்டேங்கிய?” என்றார் செல்வி. பிறகு டாக்டரின் குரல், மெதுவாக: “தனசேகர், அந்தச் சின்ன டாப்ளரை எடு.” அடுத்த நிமிடம் அந்தக் கையடக்கக் கருவியிலிருந்து குழந்தையின் இதயம் குதிரை ஓடுவதுபோல் கேட்டது.

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். திரையில் ஒரு குழந்தை, அசையாமல். டாக்டர் கருவியை வயிற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக் காட்டினார். படம் நகரவில்லை. மூலையிலிருந்த அளவுகளைப் பார்த்தால் அது செல்வியின் குழந்தையே இல்லை. அவருக்கு முன்னால் வந்துபோனவருடையது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். செல்வி வயிற்றிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அந்த ரெண்டு நிமிசம் நான் திரையப் பாக்கலக்கா, டாக்டரம்மா மொகத்தத்தான் பாத்துக்கிட்டு கெடந்தேன்.”

பாதிப் பழி

கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு அலுவலகம் வந்தேன். பதினாறு ஜிபி மெஷின் ஒன்றை வைத்து மூன்று நாள் நானும் ரஹீம் பாயும் உட்கார்ந்தோம். எங்கள் கார்டில் முகவரிக்கு முப்பத்திரண்டு பிட்தான் இடம், அதனால் முதல் நான்கு ஜிபிக்கு மேல் அதற்கு முகவரி சொல்லத் தெரியாது. மொழிபெயர்ப்பு இருந்தால் அது ஒரு சின்ன முகவரியைக் கொடுத்து, மேலே எங்கே வேண்டுமானாலும் எழுதவைத்திருக்கும். அதைத்தான் நான் அணைத்துவிட்டேனே. அப்போது கர்னல் என்ன செய்கிறது என்றால், கீழே ஒரு தற்காலிக இடத்தைக் கார்டுக்குக் கொடுக்கிறது. கார்டு அங்கே எழுதும். “இப்போது எனக்கு வேண்டும்” என்று டிரைவர் சொன்னால், அதை மேலே இருக்கும் எங்கள் இடத்துக்குப் பிரதி எடுக்கும். நான் அந்த ஒரு வரியை எழுதவே இல்லை.

பழைய மெஷினில் எல்லா இடமும் கீழேதான், பிரதி தேவைப்படவில்லை. புதியதில் முதல் நோயாளிக்குத் தற்செயலாகக் கீழே இடம் கிடைத்தது, ஓடியது. செல்விக்கு மேலே கிடைத்தது. முன்னவரின் ரிப்போர்ட்டுக்காக எடுத்து வைத்த படம் துடைக்கப்படாமல் கிடந்த இடம். செல்வியின் குழந்தை கீழே, தற்காலிக இடத்தில், யாரும் பார்க்காமல் துடித்துக்கொண்டிருந்தது. இது புரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ரஹீம் பாய் டீயை நகர்த்தி வைத்தார். “பாதி என் தப்புதாம்மா. முப்பத்திரெண்டு பிட் போதும்னு டிசைன் பண்ணது நான்தானே.”

பொங்கல் தெரியுதா?

அந்த வரியைச் சேர்த்தேன். மொழிபெயர்ப்பைத் திரும்பப் போட்டேன். பழைய தடுப்புச் செய்திகளும் திரும்ப வந்தன. இந்தமுறை அணைக்காமல் படித்தேன். கார்டை நிறுத்துவதற்கு முன்பே அதன் இடத்தைக் கர்னலிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். காலி என்று கர்னல் அந்த இடத்தை வேறு நிரலுக்குக் கொடுத்துவிடும். கார்டோ விடாமல் எழுதும். மொழிபெயர்ப்பு அணைந்திருந்தபோது அப்படி அடிவாங்கியவை, பாவம், பேஷன்ட் பெயர்கள்! முதலில் கார்டை நிறுத்து, பிறகு இடத்தை விடு, அவ்வளவுதான் வைத்தியம்.

“இனிமே கார்டு தப்பான எடத்துல எழுதினா திரை இருட்டாயிடும் டாக்டர்” என்று தயங்கிக்கொண்டே சொன்னேன். “இருட்டினா நான் நிறுத்திடுவேனே. பொய்ப் படத்தைக் காட்டினா எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். ஆனாலும் நோயாளி யாரையும் படுக்கவைக்க அவர் சம்மதிக்கவில்லை. தனசேகரைப் படுக்கச் சொன்னார். நூறு முறை நிறுத்தி, நூறு முறை தொடங்கினேன். அறுபதாவது முறை தனசேகர் தலையைத் தூக்கினார். “மேடம், காலைல துன்ன பொங்கல் இன்னுமா தெரியுது?”

எட்டாவது மாதம்

செல்வி அடுத்த ஸ்கேனுக்கு வந்த நாளில், யாரும் கூப்பிடாமலே நானும் போய் வெளியே உட்கார்ந்திருந்தேன். படுத்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாராம், உள்ளே நடந்ததைத் தனசேகர்தான் பிறகு சொன்னார். “கண்ணைத் தொறந்து பாரும்மா” என்று டாக்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். இதயம் துடித்துக்கொண்டிருந்தது, கருவி நகர்ந்தால் படமும் நகர்ந்தது. வெளியே வந்தவர் என்னை அடையாளம் கண்டு நின்றார். எப்படி வேலை செய்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன், மூன்று முகவரி, தற்காலிக இடம் எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எனக்கு ஒண்ணும் வெளங்கலக்கா, எம்பிள்ள அசைஞ்சிச்சு, அது போதும்.”

புரிந்துவிட்டது என்று தோன்றும் நாளில்தான் பயப்பட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாடம் என்றால், அப்படித் தோன்றிய நாட்களே எனக்கு இதுவரை அதிகம் வந்ததில்லை.