பீரோவுக்குள் பென்டோஸ் பாஸ்பேட்

அந்த வருடங்களில் உத்தமபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். உடம்பு சர்க்கரையைக் கையாளும் வழிகளில் ஒன்றான பென்டோஸ் பாஸ்பேட் பாதை என் சொந்தச் சொத்து. புத்தகத்தைத் திறக்காமல் கரும்பலகையின் இந்த ஓரத்தில் ஆரம்பித்து அந்த ஓரத்தில் முடிப்பேன்; ஒரு கார்பன் இடம் மாறாது. கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்களும் எழுந்து எழுதிக்கொள்வார்கள், பத்து மார்க் கேள்வி அல்லவா. வீட்டிலும் எனக்கு அந்தக் கெத்து உண்டு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முடி கொட்டுவது எதுவானாலும் தீர்ப்பு மூத்தவளான என்னிடம்தான் வரும். நான் டாக்டர் இல்லை என்பதை நானாக யாருக்கும் ஞாபகப்படுத்தியதில்லை.

தங்கை தலைப்பிரசவத்துக்குக் கோம்பையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பையன் பிறந்தான். பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, நன்றாக வளர்ந்த பிள்ளையின் பழைய துணியைத்தான் முதலில் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் மகளின் சட்டைகளை இதற்காகவே நாலு வருடம் பீரோவில் வைத்திருந்தேன், பூச்சி அரிக்காமல் மடிப்புக்கு மடிப்பு அந்துருண்டை போட்டு. துவைத்தால் நைந்துவிடும் என்று, ஒரு உதறு உதறி அப்படியே மாட்டிவிட்டேன். குழந்தையிடம் பீரோ வாசம் அடிக்கிறது என்று எல்லோரும் சிரித்தோம்.

இரண்டு நாளில் பையன் மஞ்சளானான். "பெறந்த புள்ளைக்கு மஞ்ச வர்றது சகஜம், காலை வெயில்ல காட்டுனாப் போதும்" என்று அறிவித்தேன். அதோடு விட்டேனா, அடுப்படியில் அம்மாவை நிறுத்திவைத்து, மஞ்சளுக்குக் காரணமான பிலிரூபின் பற்றிக் கால் மணி நேரம் வகுப்பு எடுத்தேன். மறுநாள் கண்ணும் மஞ்சள். ஒன்றுக்குப் போன துணியில் கடுங்காப்பி நிறத்தில் கறை. அப்போதாவது வாயை மூடியிருக்கலாம்.

"பால் பத்தல. நீ ஒழுங்காக் குடுத்தாத்தான மஞ்ச எறங்கும்" என்று தங்கையை வைதேன்.

அவள் தையல் வலியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மணிக்கொரு தரம் கொடுத்தாள். நான் பையனை அதே துணியில் நன்றாகச் சுற்றி வெயிலில் காட்டினேன். அக்கறைக்குக் குறைச்சல் இல்லை.

அடுத்த நாள் காலையில் பையன் பால் குடிக்க வாயே திறக்கவில்லை. துவண்டு கிடந்தான். தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த குழந்தை டாக்டர் அதிகம் பேசாத அம்மா. வெளுத்துப்போன உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு குனிந்து சட்டையை முகர்ந்தார்.

"துணியெல்லாம் எங்கன வச்சிருந்தீக?"

"பீரோவுல."

"அந்துருண்டை போட்டா?"

"ஆமா."

"நீங்க என்ன வேலை பாக்குறீக?"

சொன்னேன். சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு மதுரைக்குச் சீட்டு எழுதினார்.

கார் ஆண்டிபட்டி தாண்டும்போது பாடம் வரிசை பிசகாமல் எனக்குள் ஓடியது. உடம்பில் சர்க்கரை எரிந்து சக்தி தருவது ஒரு வழி. பென்டோஸ் பாதை வேறு வழி. அதில் சக்தி கிடைக்காது, சிவப்பணு உடையாமல் காக்கிற சரக்கு கிடைக்கும். அந்த வழியின் முதல் என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்குச் சில மலேரியா மாத்திரை ஆகாது, அந்துருண்டை ஆகாது, பட்டால் ரத்தம் உடைந்து மஞ்சள் ஏறும், ஏறினால் மூளையைத் தொடும். இதை வருடம் தவறாமல் போர்டில் எழுதி அடிக்கோடு வேறு போடுவேன். மாணவிகளில் ஒருத்தி அந்த மூன்று நாளில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள்.

மதுரையில் குழந்தையின் ரத்தத்தையே மாற்றினார்கள். நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டிப் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் அவன் வீரிட்டு அழுதான். பிழைத்துவிட்டான், மூளைக்குப் பாதிப்பு தெரியவில்லை என்றார்கள். என்சைம் குறைதான் என்று பரிசோதனையிலும் வந்தது.

தாழ்வாரத்தில் தங்கை கேட்டாள். "எதனாலயாம்க்கா? டாக்டர் என்ன சொன்னாக?"

பக்கத்தில் அவள் நாத்தனார் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பது நின்றது.

"ரத்தத்துல ஒரு என்சைம் குறை. ஆம்பளப் புள்ளைக்கு அம்மா வழியாத்தான் வரும்" என்றேன்.

ஒரு எழுத்துப் பிழை கிடையாது. பத்துக்குப் பத்து போடலாம்.

"எங்க பக்கம் யாருக்கும் இப்பிடி இல்லம்மா" என்றார் நாத்தனார். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். ஆயுசுக்கும் அவள் அந்த வீட்டில் கேட்க வேண்டிய பேச்சுக்கு நான் பாடப்புத்தகத்திலிருந்து ஆதாரம் எடுத்துக் கொடுத்துவிட்டேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"இல்லடி. குறை அது பாட்டுக்கு இருந்திருக்கும். ரத்தத்த ஒடச்சது நான் போட்ட அந்துருண்டை. தொவைக்காம மாட்டுனதும் நான்தான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும், பாடமே நடத்துறேன்" என்று நாத்தனாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

வையட்டும் என்று நின்றேன். தங்கை வையவில்லை. மாரை மூடியிருந்த சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எம் பால் நல்ல பால்தானாக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.