அழித்துவிட்ட ஏழு பதிவுகள்

என் மனைவியின் குரல்வளையை முழுவதுமாக நீக்கிவிட்டால் உயிருக்கு அச்சமில்லை என்றார் மருத்துவர். குரல் இராது என்பதை அவர் தனியாகச் சொல்லவில்லை. தாளில் வரைந்து காட்டிய படத்தில் அவ்விடத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். அவள் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மெட்ரோவில் ஏறி மயூர் விஹாரில் இறங்கும்வரை அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எஞ்சியிருந்த பேச்சு நாள்களில் முதல் ஒரு மணி நேரத்தை அவ்வாறு வீணாக்கினோம்.

சில மாதங்களாகவே அவள் குரலில் கரகரப்பு இருந்தது. தில்லியின் பனிக்காலப் புகையில் யாருக்குத்தான் தொண்டை சரியாக இருக்கிறது என்று இருவருமே அதைப் பொருட்படுத்தவில்லை. அறுவைக்கு இப்போது மூன்று வாரம் இருந்தது. அதற்குள் அவள் குரலை எங்கேனும் சேமித்து வைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் என்னைப் பற்றிக்கொண்டது. தேடிப் பார்த்தபோதுதான் எங்கள் வீட்டில் அது எவ்வளவு அரிதான பொருள் என்று விளங்கிற்று. எங்கள் திருமணத்துக்கு ஒளிப்படங்கள் மட்டுமே உண்டு. மகளின் திருமணக் காணொளியில் பேச்சொலி முழுவதையும் எடுத்துவிட்டுத் திரைப்பாடல்களை நிரப்பியிருந்தார்கள். அதில் என் மனைவி வாயசைக்கிறாள். யாரோ ஒரு பின்னணிப் பாடகி பாடுகிறாள்.

ஒருநாள் மாலை கைப்பேசியை அவள்முன் நீட்டி, ஏதேனும் பேசச் சொன்னேன். அவள் கையிலிருந்த முருங்கைக்கீரையைத் தட்டில் வைத்தாள்.

"என்னங்க இது, சாகப்போறவகிட்ட வாக்குமூலம் வாங்குத மாதிரி?"

"அப்படியில்லை. ஒரு நினைவுக்காக…"

"நான் இங்கனதான் இருக்கப் போறேன். இருக்கவளுக்கு எதுக்கு நினைவு? அத உள்ள வைங்க."

அதன்பின் கைப்பேசி என் கையில் தெரிந்தாலே வாயை மூடிக்கொள்வாள். அறுவைக்குமுன் குரலைப் பதிந்து வைப்பது தீய நிமித்தம் என்பது அவள் துணிபு. அதை மாற்ற என்னால் இயலவில்லை.

ஒரே ஒரு வழிக்கு மட்டும் இசைந்தாள். ஆர்.கே.புரத்து முருகன் கோயிலில் வாரந்தோறும் பாடும் மகளிர் குழுவில் அவள் பல்லாண்டுகளாக இருந்தாள். தில்லித் தமிழர்களைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றுக்காகச் சென்னையிலிருந்து ஒரு தொலைக்காட்சியினர் வந்து, தைமாதத்தில் அக்குழுவைப் படம்பிடித்துச் சென்றிருந்தனர். ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒளிபரப்பு. ஒருமுறைதான், இணையத்தில் ஏற்றுவதில்லை என்று கூறிவிட்டார்கள். அந்த ஞாயிறு, அறுவைக்குப் பின் ஐந்தாம் நாள்.

"அத வேணும்னா பிடிச்சு வச்சிக்கிடுங்க. அது எல்லாருக்கும் பொதுவா வருதது. எனக்குன்னு எடுத்தது இல்லேல்ல?" என்றாள்.

அந்நேரம் நாங்கள் இருவரும் மருத்துவமனையில் இருப்போம். ஆளில்லாத வீட்டில் தானாகவே பதிந்துகொள்ளும் கருவி வேண்டும். எங்கள் செட்டாப் பெட்டி பழையது. பதியும் வசதி அற்றது. புணேயிலிருக்கும் மகள்தான் தொலைபேசியில் வழி சொன்னாள். என் பழைய கணினியில் டிவி டியூனர் அட்டை ஒன்றைப் பொருத்தி, அதனைச் செட்டாப் பெட்டியோடு இணைத்துவிட்டால், குறித்த நேரத்தில் கணினியே நிகழ்ச்சியைப் பதிந்துகொள்ளும் என்றாள். அட்டையைத் தேடி நேரு பிளேஸ் சென்றேன். நான்காவது கடையில் ஒருவர் மேல்தட்டிலிருந்து தூசி படிந்த உறை ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்தபடி, "அங்க்கிள்ஜி, யே தோ அப் கோயி நஹீன் லேதா" என்றார். இப்போது யாரும் வாங்காத அதை நான் மார்போடு அணைத்துக்கொண்டு மெட்ரோ ஏறினேன்.

வாழ்நாளெல்லாம் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் நான். திருப்புளியைக் கையில் எடுத்தது அரிது. கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி அட்டையைப் பிளவில் அழுத்தியபோது எழுந்த ஒலியைக் கேட்டு, ஏதோ உடைந்துவிட்டது என்றே கையை எடுத்துவிட்டேன். உடையவில்லை. பெட்டியிலிருந்து வரும் மஞ்சள் கம்பி படத்துக்கு; வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. ஒலிக் கம்பிகள் இரண்டும் ஒன்றாகிக் கணினியின் பின்புறத்து நீலத் துளையில் சேரவேண்டும். எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஒவ்வோர் ஒத்திகைப் பதிவுக்கும் எண்ணிட்டு, படம், ஒலி என்று இரண்டு பத்திகள் வகுத்தேன்.

முதற்பதிவில் படமே இல்லை. திரை முழுவதும் நீலம். மஞ்சள் கம்பி வழியே வருவதைப் பாராமல், கூரைமேல் இல்லாத வானலைவாங்கியை அட்டை தேடிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் படம் வந்தது. ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தது. தொலைக்காட்சியின் ஒலியை அடக்கிவிட்டு மூன்றாவதைப் பதிந்தேன். ஓடவிட்டபோது, செய்தி வாசிக்கும் பெண்மணி நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்து வாயசைத்தாள். அவள் வாயிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"கடுகு தீந்துபோச்சு. கீழ போறப்ப வாங்கிட்டு வாங்க. கடை பையாகிட்ட சின்னப் பொட்டலமாக் கேளுங்க, இல்லேன்னா பெரிசத் தலையில கட்டிருவான்."

மகளோடு பேசுவதற்காகக் கணினித் திரைமேல் பொருத்தியிருந்த சிறு படக்கருவியில் ஓர் ஒலிவாங்கியும் இருந்தது. பெட்டியின் ஒலியை விடுத்து, மென்பொருள் அதிலிருந்தே ஒலியை எடுத்துக்கொண்டிருந்தது. இது எனக்கு அப்போது தெரியாது. பிழை எங்கே என்று தேடித் தேடி மேலும் நான்கு முறை பதிந்தேன். ஒவ்வொன்றிலும் படம் தொலைக்காட்சியுடையது; ஒலி எங்கள் வீட்டுடையது. முதற்பதிவைத் திரும்ப ஓட்டியபோது, அந்த வெறும் நீலத்தின்மேலும் அவள் குரல் இருந்தது: "என்ன ஒரே நீலமா இருக்கு? வானத்தயா பிடிக்கீக?" நான்காவதில், மாடிமுகப்பில் நின்று காய்கறி வண்டிக்காரரை, "பையா, ருக்கோ, ஜல்தி ஜல்தி போகாதீக" என்று இரண்டு மொழிகளிலும் நிறுத்துகிறாள். ஐந்தாவதில் குக்கரின் மூன்றாம் விசிலை எண்ணுகிறாள். ஆறாவதில், "நீங்க பாக்குதத எல்லாம் பாத்துட்டு, காப்பி ஆறிப்போச்சுன்னு என்னையச் சொல்லப்பிடாது" என்கிறாள்.

ஏழாவது பதிவின்போது அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருக்கவேண்டும். குரல் மிக அண்மையில், தாழ்ந்து கேட்டது.

"ஏழு தடவ அதப் பாத்தாச்சு. எட்டாவதா என்னையப் பாருங்க."

அவள் அதைச் சொன்னபோது நான் திரும்பவில்லை. கம்பியை எந்தத் துளையில் செருகினேன் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவை ஓட்டிக் கேட்டபோதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. குறிப்பேட்டில் இன்றும் இருக்கிறது, என் கையெழுத்தில்: ‘படம்: நன்று. ஒலி: பிழை. அறையின் இரைச்சல்.’

அன்றிரவு மகளை அழைத்தேன்.

"அப்பா, ஆடியோ சோர்ஸ்ல என்ன போட்டிருக்கு? வெப்கேம் மைக்கா? அச்சா, அதான் ப்ராப்ளம். லைன்-இன்னுக்கு மாத்துங்க, அந்த நீலத் துளைக்கு."

மாற்றினேன். எட்டாம் பதிவில் செய்தி வாசிப்பவள் தன் சொந்தக் குரலில் பேசினாள். அறையின் ஒலி அணுவளவும் இல்லை. எனக்குண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

"சூப்பர் அப்பா. ஹார்ட் டிஸ்க்ல இடம் இருக்கா? உங்க பழைய மெஷின், பாதியில நின்னுடப் போகுது. டெஸ்ட் எல்லாம் டிலீட் பண்ணிடுங்க."

இடம் குறைவாகத்தான் இருந்தது. எட்டையும் அழித்தேன். கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பயன் முடிந்த குறிப்புச் சீட்டுகளைக் கிழித்துவிடுவது என் நெடுநாள் வழக்கம். மேசையில் மிச்சம் இருந்தால் எனக்கு வேலை ஓடாது. தூய்மையான வன்தட்டைப் பார்த்து நிறைவோடு உறங்கப் போனேன்.

நான்கு நாள் கழித்து அவளை மருத்துவமனையில் சேர்த்தோம். கிளம்புமுன் செட்டாப் பெட்டியை உரிய அலைவரிசையில் நிறுத்தினேன். அட்டை அதுவாக அலைவரிசையை மாற்றாது. பெட்டி எதைக் காட்டுகிறதோ அதைத்தான் பதியும். ஆகையால் யாரும் தவறித் தொட்டுவிடாதபடி தொலையியக்கியின் மின்கலங்கள் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் கதவருகில் செருப்பை மாட்டியபடி, "கேஸ மூடியாச்சா? ஒருக்காப் பாத்துட்டு வாங்க" என்றாள். சென்று பார்த்து வந்தேன். வழியிலும் வார்டிலும் பேசியிருப்பாள். எனக்கு நினைவில் நிற்பது கேஸ் அடுப்புதான்.

ஞாயிறு காலை, கழுத்துத் துளையில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செவிலியர் தந்திருந்த சிறு வெண்பலகையில், பத்து மணியானதும் ‘ஓடுதா?’ என்று எழுதிக் காட்டினாள். "ஓடும்" என்றேன். சட்டைப்பையில் அந்த இரு மின்கலங்களையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மாலையில் அவளைப் பார்த்துக்கொள்ள மகள் வந்தபின் வீட்டுக்கு விரைந்தேன். ஓடியிருந்தது. தொடக்கம் முதல் இறுதிவரை ஒரு குறையுமின்றிப் பதிந்திருந்தது. எழுந்து நின்று கணினியைக் கும்பிட்டேன் என்றால் நம்புங்கள்.

மகளிர் குழு வந்தது ஆறு நிமிடம். பதினொருவர். என் மனைவி இரண்டாம் வரிசையில் இடப்புறம், அரக்குச் சேலையில். பாடல் எழுந்தது. நான் அவள் வாயையே பார்த்துக் கேட்டேன். கேட்கவில்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடியும் கேட்டேன். கண்ணை மூடிக் கேட்டேன். பதினொரு குரல் ஒரே குரலாக ஒலித்தது. அக்குழுவின் நெறியே அதுதான்: எவர் குரலும் தனித்துக் கேட்கலாகாது. புதிதாக வந்து ஓங்கிப் பாடும் பெண்களிடம், "தனிச்சுக் கேட்டா அது உன் பாட்டு, முருகன் பாட்டு இல்ல" என்று சொல்லித் திருத்துபவள் என் மனைவிதான். கரகரப்பு தொடங்கியபின் தன் குரலை அவள் இன்னும் தாழ்த்திக்கொண்டிருப்பாள். நாற்பத்திரண்டு ஆண்டு கேட்ட குரலை அந்தப் பத்துப் பேரிடமிருந்து என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. அவள் வாயசைத்தாள், வேறொருத்தியின் குரல் வந்தது.

அப்போதுதான் செய்தி வாசித்த பெண்மணி நினைவுக்கு வந்தாள்.

கோப்புறையைத் திறந்தேன். ஒரே ஒரு பதிவு இருந்தது.

மறுநாளே கணினியைத் தூக்கிக்கொண்டு நேரு பிளேஸ் போனேன். அதே கடைக்காரர் இரண்டு மணி நேரம் முயன்றார். அழித்த இடம் வெற்றிடமாக இருந்திருந்தால் மீட்டிருக்கலாமாம். "உஸீ ஜகஹ் பே நயா லிக்கா கயா ஹை, அங்க்கிள்ஜி" என்று தலையசைத்தார். அதே இடத்தின்மேல் புதியது எழுதப்பட்டுவிட்டது. பதினொருவர் பாட்டைப் பதிவதற்காகவே நான் துப்புரவு செய்து கொடுத்த இடம் அது.

வீடு திரும்பிய வாரத்தில் அவளுக்கு நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினேன். புன்னகையோடு பார்த்தாள். பாட்டு முடிந்ததும் பலகையை எடுத்தாள்.

‘சேலை நல்லா இருக்கு. குரல் எங்க?’

மறைக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்: திரைமேலிருந்த ஒலிவாங்கி, ஏழு பதிவுகள், குறிப்பேட்டில் நான் எழுதியிருந்த சொல், அழித்தது. அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று அஞ்சி எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், ஓசையில்லாமல், கழுத்துத் துளையில் மூச்சு மட்டும் சீறியது. பிறகு எழுதினாள்: ‘என்ன சொன்னேன் அதுல?’

"கடுகு தீர்ந்துவிட்டது, சிறிய பொட்டலமாக வாங்கி வரவேண்டும் என்று சொன்னாய்."

துடைத்துவிட்டு எழுதினாள்: ‘நான் அப்படியா பேசுவேன்?’

நான் தஞ்சைப் பக்கத்தவன். அவள் பிறந்த நெல்லைப் பேச்சை ஒருநாளும் என் நாவில் ஏற்றியதில்லை. அன்று ஏற்றினேன். "கடுகு தீந்துபோச்சு. கீழ போறப்ப வாங்கிட்டு வாங்க." அவள் தலையை ஒருபுறம் சாய்த்து, தன் பேச்சைத் தானே கேட்பவள்போல் கேட்டாள். இழுக்கவேண்டிய இடத்தில் நான் இழுக்காமல் விட்டால், கையால் நீட்டிக் காட்டினாள். நீலத் திரையைச் சொன்னேன், காய்கறி வண்டியைச் சொன்னேன், விசிலை எண்ணினேன், ஆறிய காப்பியைச் சொன்னேன். இரண்டாவதில் கிணற்றொலி போன்ற செய்தி வாசிப்பினூடே அவள் தும்மியது மட்டுமே இருந்தது, தும்மியும் காட்டினேன்.

ஏழு விரல்களை விரித்துக் காட்டினாள்.

"ஏழாவதில் ஒன்றுமில்லை" என்றேன். "இரைச்சல்தான்."

சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் நிகழ்ச்சி முடிந்து எழுத்துகள் மேலேறிக்கொண்டிருந்தன. பலகையில் எழுதுகோல் உரசும் ஒலி கேட்டது. திரும்பினேன். ‘கடுகு’ என்று எழுதியிருந்தாள்.

மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.