மந்திரியைத் தேடிய ராஜா

எழுபதுகளின் தொடக்கத்தில், திருவள்ளூரிலிருந்து பொதட்டூர்பேட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, கிழிந்த பட்டுத் துண்டு, மடியில் ஒரு கொடுவாள். ஏறுகிற ஆண்கள் ஒவ்வொருவரின் இடது காதையும் உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டேன்.

"நான் இந்தச் சீமைய ஆண்ட ராஜா. என் மந்திரி வெஷம் வச்சி சாவடிச்சிட்டான். அவன் காதுல மச்சம் இருக்கும். முந்நூறு வருசமா தேடிக்கினு கீறேன்."

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரின் காதில் மச்சம் இருந்தது. ராஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொடுவாளை ஓங்கினார்.

கண்டக்டர் பதறவில்லை. "ஆமா ராஜா, நான்தான். பால்ல கலந்து குட்தேன். தப்புதான், மன்னிச்சிக்க."

"பால்லயா? மோர்லன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்." சற்று யோசித்தவர் விம்மி அழுதார். "இத்தினி நாள்ல ஒர்த்தனும் ஒத்துக்கல."

கொடுவாளைக் கண்டக்டரிடமே கொடுத்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேர்க்கடலைக் கொல்லைக்குள் நடந்து போனார்.

"பால்னு சொல்ல எப்படித் தோணிச்சு?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"தெர்ல சார். தானா வந்துச்சி" என்றார். அவர் சிரிக்கவில்லை.

அந்த மனிதரைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.