தொட்டிக் கடலில் ஒரு டைனோசர்

ஈர வலையோட வாடை, மழைத்தண்ணி சொட்டுற தார்ப்பாய், சூடாகிப்போன டெக்... டைனோசர்னு யாராவது சொன்னா எனக்கு இந்த வாடைதான் மூக்குல ஏறும்.

இப்ப ராயபுரத்துல கயிறு, வலை வியாபாரம் பண்றேன், தெரியும் உங்களுக்கு. அதுக்கு முன்னாடி கொஞ்ச வருஷம் டிவியும், வீடியோ கேசட் போடுற டெக்கும் வாடகைக்கு விட்டேன். கடையெல்லாம் கிடையாது. ஒரு மீன்பாடி வண்டி, ஒரு கலர் டிவி, ஒரு டெக், அட்டைப்பெட்டி நிறைய கேசட்.

மத்தவங்க கல்யாணம், காதுகுத்துக்குக் காத்துகினு இருப்பாங்க. நான் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாங்களான்னு விசாரிப்பேன். ஏத்திட்டா ஒரு படகும் கடலுக்குப் போகாது. குப்பமே கரையில உக்காந்திருக்கும். காலையிலயே வண்டிய மிதிச்சுடுவேன். திருவொற்றியூர் பக்கம் அந்த ஒரு குப்பம்தான் எனக்குப் பாதி பொழைப்பு.

அப்ப ஊரெல்லாம் டைனோசர் பேச்சு. தியேட்டர்ல புதுப்படம், நிக்க இடமில்ல.

என்கிட்ட இருந்தது வேற... என்னிக்கோ எடுத்த பழைய இங்கிலீஷ் படம். கேசட்ல லேபிள் கூட கிழிஞ்சிருந்துச்சு. வலை பின்னுற கொட்டகையில டிவிய வெச்சுட்டு, வாய் கூசாம சொன்னேன்: "தியேட்டர்ல ஓடுதே, அதேதான்."

முதல் டைனோசர் வந்துச்சு. பாத்தா, உடும்பு! முதுகுல அட்டைய வெட்டி ஒட்டியிருக்கான்.

மீன் விக்கிற கன்னியம்மா அக்கா விடல. "இன்னாடா, உடும்புக்கு வேஷம் கட்டி வுட்டுக்கிறானுவ?"

"அது குட்டிக்கா... பெருசு பின்னால வரும்"னு சமாளிச்சேன்.

அப்புறம் கடல் சீன். நீளக் கழுத்து மிருகம் ஒண்ணு எழும்பி வந்து கப்பல ஆட்டுது. பசங்க கத்துதுங்க. பெரிய படகு ஓட்டுற தேசப்பன் அண்ணன் மட்டும் வலை ஊசிய கீழ வெச்சாரு.

"நைனா, நிறுத்து. பின்னால ஓட்டு."

மூணு தடவை ஓட்ட வெச்சாரு.

"இது கடல் இல்லடா. தொட்டி."

"இன்னாண்ணே சொல்ற?"

"அலையப் பாரு. போய் முட்டிகினு திரும்பி வருது. நடுக்கடல்ல செவுரு எங்கடா கீது? நுரையப் பாரு, ஒவ்வொரு குமிழியும் கப்பல்ல நிக்கிற ஆளு தலை சைஸு. கப்பலு இத்தினிக்கூண்டு பொம்மை."

அந்தப் படத்த நான் பத்து தடவையாவது பாத்திருப்பேன். ஒரு தடவையும் கண்ணுல படல.

அண்ணன் என்னைப் பாத்தாரு. "தியேட்டர்லயும் இந்தத் தொட்டியத்தான் காட்றானா?"

அவரு 'இவன் இனிமே வேணாம்'னு ஒரு வார்த்தை சொன்னா போதும். இந்தக் குப்பம் மட்டுமில்ல, எண்ணூர் வரைக்கும் எவனும் என் வண்டிய உள்ள விடமாட்டான். இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா தண்ணிய இப்படிப் பாக்குற மனுஷன்கிட்ட அது எத்தினி நேரம் நிக்கும்?

"இல்லண்ணே. இது பழசு. புதுசு என்கிட்ட இல்ல. பொய்தான் சொன்னேன்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு? இவ்ளோ நேரம் பயந்துகினு பாத்தேன் பாரு, அதான் பேஜாரா கீது. போடு மிச்சத்த."

அதுக்கப்புறம் நடந்ததுதான் சினிமா. "முதுகுல ஜிப்பு கீது!" "பறக்குறதுக்கு மேல கயிறு தெரியுது!" "ஐய, உள்ள இருக்கிறவன் வேர்த்தே செத்துருப்பான்"னு கன்னியம்மா அக்காவுக்குப் பரிதாபம் வேற. படம் முடிஞ்சதும் மறுபடியும் முதல்லேர்ந்து போடச் சொன்னாங்க.

அடுத்த கூண்டு ஏறுன அன்னிக்கு ஆளு விட்டு அனுப்பினாரு அண்ணன்... "அந்தத் தொட்டிப் படத்த எடுத்தாரச் சொல்லு." கேசட்ல பேனாவால 'தொட்டிப் படம்'னே எழுதினேன். கடைசியில நாடா தேஞ்சு அறுந்தது அது ஒண்ணுதான். இன்னிக்கும் கடையில, கயித்துல ஒரு பிரி லூஸா இருந்தா, நானே விரிச்சுக் காட்டிட்டுத்தான் விலை சொல்றேன்.

போன வாரம் தேசப்பன் அண்ணன் கடைக்கு வந்திருந்தாரு. கடலுக்குப் போறத விட்டாச்சு, கண் மட்டும் அப்படியே கீது. என் பையன் செல்லுல புது டைனோசர் படம் ஒண்ணு காட்டினான். கடலப் பொளந்துகினு வருது. மூக்குகிட்ட வெச்சு உத்துப் பாத்தாரு. பின்னால ஓட்டச் சொன்னாரு. இன்னொரு தடவை.

"தண்ணி நல்லாத்தான் கீது"ன்னு செல்லைத் திருப்பிக் குடுத்தாரு. எழுந்து செருப்ப மாட்டிகினே சொன்னாரு...

"தொட்டியும் தெரியல, கயிறும் தெரியல. இதுல நமக்கு வேலையே இல்லடா."