கடைசி பிலிமில் உட்கார்ந்தவள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். இது எனக்கு நடந்தது. புத்தாண்டுச் சாராயம் பேசுகிறது என்று என் மனைவியே சொன்னாள். அன்று நான் குடித்தது காலையில் ஒரு தம்ளர் காபி, அவ்வளவுதான்.

டெட் என்கிற எங்கள் சந்திரப் புத்தாண்டின் மூன்றாம் நாள். கால்வாய் கால்வாயாகப் படகில் போய்ப் படம் எடுப்பது என் பிழைப்பு. வருஷம் முழுக்க ஈ ஓட்டுகிறவனுக்கு அந்த மூன்று நாள் மட்டும் மூச்சு விட நேரமிருக்காது. சிரிங்க, சிரிங்க என்று சொல்லிச் சொல்லி வாயே கோணிவிட்டது. விரல் வலி, இடுப்பு வலி. பிலிமில் ஒரே ஒரு படம் மிச்சம். அதை என் மகளுக்கென்று வைத்திருந்தேன். தீர்ந்தால் அந்தக் காலத்தில் அடுத்த பிலிமுக்கு எங்கே போவது?

மதியம் இரண்டு மணி இருக்கும். கரையிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள்.

"படக்கார அண்ணே... ஒரு படம்."

"பிலிம் தீந்துபோச்சும்மா."

"ஒண்ணு இருக்குல்ல."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது தோன்றவில்லை. பொய் மாட்டிக்கொண்ட வெட்கம்தான் வந்தது. முப்பது வயது இருக்கும். ஊரே புதுசு உடுத்திய நாளில் வெளுத்துப்போன கறுப்புச் சட்டை. என்னைவிடக் களைத்திருந்தாள்.

"அப்பாவோட நான் ஒரு படம்கூட எடுத்துக்கல அண்ணே. இன்னிக்கே போயாகணும். ரொம்பத் தூரம். இனிமே வர முடியாது."

பெண்ணைப் பெற்றவனிடம் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? மகளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படகைக் கட்டினேன்.

வாசலில் மூங்கில் கட்டில். பெரியவர் தர்ப்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார். டிக்... டிக்... அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் திரும்பவே இல்லை. கோபம் போலிருக்கிறது. வீட்டைவிட்டுப் போகிற மகளுக்கு முகம் கொடுக்காத அப்பன்மாரை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

"அப்பாவோட நல்லா ஒட்டி உக்காரும்மா" என்றேன்.

பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பேசாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

என்னுடையது கிழக்கு ஜெர்மனிக் கேமரா. எல்லாமே கையால்தான். கண்ணை வைத்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும். தூரம் சரியில்லை என்றால் வட்டத்துக்குள் முகம் இரண்டாக வெட்டுப்பட்டு நிற்கும். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக இரண்டு பாதியும் நகர்ந்து வந்து ஒட்டும். ஒட்டினால் படம் தெளிவாக விழும்.

பெரியவரின் முகம் இரண்டு மீட்டரில் ஒட்டியது.

அப்படியே அவள் முகத்துக்கு நகர்த்தினேன். வெட்டுப்பட்டு நின்றது. அப்பாவின் தோளில் தோள் உரச உட்கார்ந்திருக்கிறாள், அதே இரண்டு மீட்டர்தானே. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நெற்றி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்...

வளையத்தைத் திருகினேன். மூன்று மீட்டர். ஒட்டவில்லை. ஐந்து. பத்து. ஒட்டவில்லை.

டக்கென்று வளையம் கடைசியில் போய் முட்டியது. அது கடலை, அடிவானத்தை எடுக்கிற இடம்.

அங்கே அவள் முகம் ஒட்டியது.

கேமராவைக் கீழே இறக்கினேன். அவள் எதிரில்தான் இருந்தாள். கை நீட்டினால் தொடலாம்.

விதை கொறிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"அண்ணே... அப்பா தெளிவா விழட்டும். அது போதும்."

களைப்பு, வெயில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு மீட்டருக்குத் திருப்பினேன். அவள் பக்கம் பார்க்காமல் அழுத்தினேன்.

டப்.

நிமிர்ந்தேன். கட்டிலில் பெரியவர் மட்டும் இருந்தார். திரும்பிப் பார்க்காமல் படகுக்கு ஓடினேன்.

பிலிமைக் கழுவ நாலு நாள் மனசு வரவில்லை. கழுவினேன். இரண்டு மீட்டரில் எடுத்தால் பெரியவர் தெளிவாகவும் அவள் மங்கலாகவும்தான் விழ வேண்டும். இருவருமே இமைமுடி எண்ணுகிற மாதிரி விழுந்திருந்தார்கள்.

அந்தப் படத்தை வீட்டில் வைத்துக்கொள்ளப் பயம். கிழிக்கவும் பயம். கொண்டுபோய்ப் பெரியவர் கையிலேயே கொடுத்தேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கு நீ ஒத்தையாத்தானே வந்தே தம்பி. காத்தைப் பாத்து ஒட்டி உக்காரும்மான்னே. பாவம், வெயில்ல கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன். எதிர்த்துப் பேசாம பொத்தானைப் போட்டேன்."

"இவங்க...?"

"என் மக, டியெம். ஏழு வருஷம் முந்தி நாட்டை விட்டுத் தப்பிக்க ராத்திரியோட ராத்திரியா படகேறிக் கடலுக்குப் போனா. ஒரு சேதி இல்ல."

உள்ளே, செத்தவர்கள் படம் வைத்து ஊதுபத்தி ஏற்றும் முன்னோர் மாடத்தில் அவர் மனைவியின் படம் மட்டும் இருந்தது.

"செத்தாளா இருக்காளான்னு தெரியாம அவ படத்தை எப்படி அங்க ஏத்துவேன்? ஊர்ல எல்லாரும் ஏத்துன்னாங்க. மாட்டேன்னுட்டேன்."

படத்தில் அவள் கை இருந்த இடத்தில் விரலை வைத்தார். அதுவரை நான் அந்தக் கைகளைக் கவனிக்கவே இல்லை. இரண்டும் நெஞ்சருகே வளைந்து எதையோ ஏந்திக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்றுமில்லை.

"போறப்போ இப்படித்தான் தூக்கிட்டுப் போனா. பத்து மாசப் பேரன்."

அவர் விரல் அந்த வெற்றிடத்தைத் தடவியது.

"அவகூட இவன் வரல பாத்தியா... அப்ப இவன் எங்கயோ உயிரோட இருக்கான்."

எழுந்து போய் மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் இதைச் சாய்த்து வைத்தார். ஏழு வருஷம் மகளுக்கு ஊதுபத்தி ஏற்ற மறுத்த மனிதர், எடுத்த இரண்டு பத்தியில் பேரனுக்கானதைத் திரும்பக் கட்டுக்குள் செருகிவிட்டு, மகளுக்கு மட்டும் ஒன்று ஏற்றினார்.