கோடை என்று நம்பிய பெட்டி

பிற்பகல் நான்கு மணிக்கு, அறையைச் சூடாக்கும் ராடியேட்டரில் கை வைத்தேன். சில்லென்றிருந்தது. நோர்வேயில், ரொம்மனில் எங்கள் அடுக்குமாடி முழுவதற்கும் ஒரே கொதிகலன். வெளிக்குளிரை அளந்து தானாகவே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவியை அந்த இலையுதிர்காலத்தில்தான் அதற்குப் பூட்டியிருந்தார்கள். குளிரை அளக்கும் சின்ன வெள்ளைப் பெட்டி எங்கள் பால்கனிச் சுவரில் இருந்தது. நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம்.

மகள் குறைமாதத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரந்தான். வீடு குளிரக்கூடாது என்று தாதி திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாள் பிள்ளைக்கு முப்பத்தொன்று, பிறந்த துடக்குக் கழிக்கும் நாள். அதற்காகப் பேர்கனிலிருந்து வந்திருந்த மனைவியின் அக்கா, என் மச்சாள், தடித்த ஜாக்கெட்டோடு காலையிலிருந்து பால்கனியில் மின்னடுப்பு வைத்துப் பயித்தம்பணியாரம் பொரித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் மணம் படிக்கட்டெல்லாம் ஏறுகிறது என்று கட்டட நிர்வாகக் குழுத் தலைவி, மேல்மாடி அம்மா, ஒருமுறை சொன்னதிலிருந்து எங்கள் பொரியலெல்லாம் வெளியில்தான்.

கட்டடப் பராமரிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். கருவியில் பிழை இல்லை, வெளியில் வெக்கை என்றுதான் அது காட்டுகிறது என்றார் குழப்பத்தோடு. ஜன்னலுக்கு அப்பால் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையின் பாதங்கள் குளிர்ந்திருந்தன. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைக் கண்டு மச்சாள் உள்ளே வந்தார்.

"தம்பி, கையைப் பிசையாமல் பிள்ளையை இஞ்சை தாரும். நானும் ஒரு கொதிகலன்தான்."

ஜாக்கெட்டைத் திறந்து, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்தார். அவசரத்தில் அடுப்பை நிறுத்த மறந்துவிட்டார்.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு, அந்தப் பெட்டி இப்போது வடக்குச் சுவரில், யாருடைய சட்டியும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. மகள் என்னைவிட உயரம். ஆனாலும் வீட்டுக்குள் வந்ததும் நான் முதலில் தொடுவது ராடியேட்டரைத்தான். "அப்பா, அது சூடாத்தான் இருக்கு" என்று அவள் அறைக்குள்ளிருந்தே சொல்வாள்.

அன்று கதவு மணி அடித்தபோது பராமரிப்பாளரோடு தலைவியும் நின்றார், கம்பளிச் சால்வைக்குள் ஒடுங்கியபடி. இருவரும் நேரே பால்கனிக்குப் போனார்கள். பெட்டிக்கு நேர்கீழே எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. பராமரிப்பாளர் பெட்டியையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தலைவி சிரிக்கவில்லை. மச்சாளின் ஜாக்கெட்டுக்கு மேலே தெரிந்த சின்னத் தலையைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு, நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னார்:

"மணம் வருகிறது என்றுதானே சொன்னேன். பனியில் போய் நில்லுங்கள் என்றா சொன்னேன்? சட்டியை உள்ளே கொண்டுவாருங்கள்."